மலைச்சரிவில் இரண்டாவது சரணம்

சினிமாவில் எனக்கு என்ன வேலை என்று அம்மாவுக்கு விளக்குவதைப் பல வருடங்களுக்கு முன்பே விட்டுவிட்டேன். தயாரிப்பு நிர்வாகி என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். படப்பிடிப்புக்கு இடம் பிடிப்பது, ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, சாப்பாடு, வண்டி, கக்கூஸ், மழை வந்தால் தார்ப்பாய் என்று அடுக்கினேன். கக்கூஸ் என்ற இடத்தில் அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள். பன்னிரண்டு வருடம் பரதநாட்டியம் படிக்கவைத்த பெண் இப்போது கக்கூஸ் வண்டிக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதை ஒடுகத்தூரில் யாரிடம் போய்ச் சொல்வது? அதனால் அவளாகவே எனக்கு ஒரு பதவி கொடுத்துவிட்டாள். என் பெண் சினிமாவில் டான்ஸ் மாஸ்டர். இப்படி ஒரு பதவி எனக்கு இருப்பது எனக்கே தெரியாது. ஜவ்வாது மலையில் ஒரு பாட்டு எடுக்கப் போன இடத்தில், மூன்றாம் நாள் காலையில்தான் தெரிந்தது.

நடனத்துக்கு நான் வந்த கதையில் கலைத்தாகம் எதுவும் கிடையாது. பெரியம்மா மகள் வேலூரில் நடனம் கற்றுக்கொண்டிருந்தாள், ஆகவே நானும் கற்றுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒடுகத்தூரிலிருந்து பஸ் ஏறி வேலூருக்குப் போவேன். பெரியம்மா மகள் மூன்றாம் வருடமே கால் வலிக்கிறது என்று நின்றுகொண்டாள். அம்மா என்னை நிறுத்தவில்லை. போட்டியில் ஜெயித்துவிட்ட பிறகும் ஓடிக்கொண்டே இருந்தோம்.

கால் எனக்குச் சுத்தமாக வரும். எண்ணிக்கை தப்பாது. முகம்தான் வராது. ஒருநாள் கண்ணனைக் காணாமல் தேடும் ஒரு பதத்தை ஆடிக்கொண்டிருந்தேன். டீச்சர் தட்டுக்கழியைக் கீழே வைத்துவிட்டு, நீ கண்ணனைத் தேடுகிறாயா, பஸ்ஸைத் தேடுகிறாயா என்று கேட்டார். உண்மையில் பஸ்ஸைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஆறரை மணி வண்டியை விட்டால் அடுத்ததில் நின்றுகொண்டேதான் போக வேண்டும். என் முகம் பூட்டின கடை மாதிரி இருக்கிறது என்பது டீச்சரின் தீர்ப்பு. அரங்கேற்றத்தன்று அப்பா முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். அவர் எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக் கட்டுகிறவர். சத்தம் இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

கல்லூரிக்குச் சென்னை வந்ததும் சினிமாப் பாட்டுகளில் குரூப் டான்சராக ஆடினேன். கதாநாயகிக்குப் பின்னால், மூன்றாவது வரிசை, இடது ஓரம். மொத்தம் ஏழு பாட்டு. ஒன்றில் என் முழங்கை நன்றாகத் தெரியும். அம்மா வேலூர்த் தியேட்டரில் அந்தப் படத்தை இரண்டு முறை பார்த்தாள். இரண்டு முறையும் நான் காட்டுவதற்குள் காட்சி மாறிவிட்டது.

ஆட்டத்திலிருந்து நிர்வாகத்துக்கு என்னைத் தள்ளியது ஒரு கக்கூஸ்தான். நாற்பது டான்சர்களுக்கு ஒரே ஒரு கழிப்பறை வைத்து ஒரு பாட்டு எடுத்தார்கள். ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் ஆட்கள் திரும்பி வந்து சேர முக்கால் மணி நேரமானது. டைரக்டர் டான்ஸ் மாஸ்டரைத் திட்டினார். மாஸ்டர் எங்களைத் திட்டினார். நான் நேராக மேனேஜரிடம் போய், உங்கள் பாட்டு தாமதமாவது எங்கள் காலால் இல்லை, வேறு காரணம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அப்படியென்றால் நாளைக்கு நீயே ஏற்பாடு பண்ணு என்றார். பண்ணினேன். அடுத்த படத்துக்கு அவர் கூப்பிட்டபோது சலங்கையைக் கொண்டுவரச் சொல்லவில்லை. நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

நடனம் கற்றது வீணா என்று சொந்தக்காரர்கள் கேட்பதுண்டு. ஒரு யூனிட்டை நடத்துவதற்கு அதைவிட நல்ல படிப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எத்தனை பேர், எந்த நேரத்தில், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதுதானே இரண்டுமே. டீச்சர் குறை சொன்ன முகமும் இங்கே உதவிக்கு வந்தது. ஹீரோவின் ஆள் வந்து இன்னொரு கேரவன் வேண்டும் என்று கேட்கும்போது என் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

ஜவ்வாது மலைப் படப்பிடிப்புக்கு வருகிறேன். நான்கு நாள், ஒரு பாட்டு, இருபத்துநான்கு டான்சர்கள். ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு சரிவைப் பிடித்திருந்தேன். மேலே பாறை, நடுவில் புல், கீழே ஒரு சாமைக் கொல்லை. சாமை கதிர் வாங்கியிருந்தது. கொல்லைக்குச் சொந்தக்காரர் ஐம்பது வயதுக்காரர். எங்கள் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. கொல்லையின் ஓரத்தில் கல் அடுக்கி வைத்திருந்தார். அந்தக் கல்லைத் தாண்டி ஒரு கால் கூட வரக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே நிபந்தனை. நான்கு நாளும் அங்கேயே குந்திக்கொண்டு எங்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கதாநாயகியை அவர் ஒரு தடவை கூட நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அவளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

டான்ஸ் மாஸ்டர் என் பழைய கூட்டாளி. குரூப்பில் எனக்குப் பக்கத்தில் ஆடியவன். என் முழங்கை தெரிந்த பாட்டில் அவனுடைய முதுகு தெரியும். இன்று அவன் மாஸ்டர், கறுப்புக் கண்ணாடி, தனி நாற்காலி, தனிக் குடை. நானும் அவனும் தனியாக இருந்தால் வாடா போடா, ஆட்கள் இருந்தால் மாஸ்டர், மேடம்.

முதல் நாள் பல்லவியை முடித்தான். இரண்டாம் நாள் முதல் சரணம். மூன்றாம் நாள் காலையில் ஆரம்பித்தது தகராறு. முதலில் மூடுபனி சரியில்லை என்றான். மூடுபனி போனதும் வெயில் சரியில்லை என்றான். பிறகு பெண்களின் பாவாடை நிறம் புல்லோடு ஒட்டிப்போகிறது என்றான். அந்தப் பாவாடையை அவனேதான் ஒரு மாதம் முன்பு தேர்ந்தெடுத்திருந்தான். கடைசியில் டைரக்டரிடம் போய், இந்தச் சரிவு ஆபத்து, பெண்கள் கால் உடைந்துவிடும், ஐந்தாவதாக ஒரு நாள் கொடுத்தால் சமதரையில் எடுக்கலாம் என்றான். டைரக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் மாஸ்டரின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு ஒலித்தால் ஒரு மாஸ்டரின் உடம்பு சும்மா இருக்காது. டீ குடிக்கும்போதும் விரல் எண்ணும், கட்டைவிரல் செருப்புக்குள் தட்டும். பல்லவி ஓடியபோது இவனுடைய கால் தட்டியது. முதல் சரணத்தில் தட்டியது. இரண்டாவது சரணம் வந்ததும் அடங்கிப்போனது. திரும்ப ஒருமுறை பாட்டைப் போடச் சொல்லிப் பார்த்தேன். அதே இடத்தில் அதே மாதிரி நின்றது. இவனிடம் இரண்டாவது சரணமே இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

பாறைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். முதலில் கோபப்பட்டான். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினான். அவனுக்கு ஓர் உதவியாளர் இருந்தாள், எல்லாப் பாட்டுக்கும் உண்மையில் அவள்தான் ஸ்டெப் போட்டுக்கொண்டிருந்தாள். போன வாரம் அவளுக்கே ஒரு படம் கிடைத்து மாஸ்டராகிவிட்டாள். பல்லவியும் முதல் சரணமும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

"உன்னால முடியலைன்னா டைரக்டர்கிட்ட சொல்லிடு" என்றேன்.

"சொன்னா என் பேரு போயிடும். நீ போடேன்" என்றான். "யாருக்கும் தெரியாது. நான் சேர்ல உக்காந்துக்கிறேன், நீ என் அசிஸ்டென்ட் வரலைன்னு ஹெல்ப் பண்றதா சொல்லிக்கலாம்."

யூனிட்டில் முன்னூறு வேலை காத்திருந்தது. ஜெனரேட்டர் வண்டி ஆலங்காயம் வளைவில் மாட்டிக்கொண்டு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. ஐந்தாம் நாள் கிடையாது. அதனால்தான் ஒத்துக்கொண்டேன் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்கு ஆசையாக இருந்தது. எத்தனையோ வருடமாக யாரும் என்னை ஆடச் சொல்லிக் கேட்கவில்லை, இவன் கேட்டுவிட்டான். இரண்டாவது சரணம் முழுக்க, எட்டெட்டு எண்ணிக்கையாகப் பதினாறு தடவை. அவ்வளவும் எனக்கு.

பாறைக்குப் பின்னாலிருந்து வெளியே வருகிறேன், எதிரே அம்மா நிற்கிறாள்.

வேன் வைத்துக்கொண்டு ஆலங்காயம் சுற்றி மேலே வந்திருந்தாள். கூட எங்கள் தெருவிலிருந்து நான்கு பெண்கள். ஒருத்தர் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர், ஒருத்தர் பள்ளிக்கூட டீச்சர், மற்ற இருவர் அக்கா தங்கை. ஐந்து பேரும் கல்யாணத்துக்கு வருகிற மாதிரி பட்டுப்புடவையில் இருந்தார்கள். இரண்டு தூக்கு நிறைய எலுமிச்சைச் சாதம், இன்னொன்றில் அவித்த முட்டை. நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்கிறவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள்.

பள்ளிக்கூட டீச்சர்தான் முதலில் பேசினார். "நீ டான்ஸ் மாஸ்டர்னு உங்க அம்மா சொல்லிக்கினே இருப்பாங்க. சரி, ஒரு தபா பாத்துட்டு வர்லாம்னு வந்தோம். இன்னா, ஆரம்பிச்சிட்டீங்களா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். ஆனால் அடுத்த ஒன்றரை மணி நேரத்துக்கு அவள் சொன்னது கிட்டத்தட்ட உண்மையாகப் போகிறது என்பது நினைவுக்கு வந்தது. ஐந்து நாற்காலி கொண்டுவரச் சொன்னேன். கேமராவுக்குப் பின்னால், குறுக்கே வராத இடமாகப் பார்த்து உட்கார வைத்தேன். மாஸ்டர், அசிஸ்டென்ட் வராததால் நான் உதவுவதாக டைரக்டரிடம் சொல்லிவிட்டு, அவர்களுக்குப் பக்கத்தில் போய்த் தன் குடைக்குக் கீழே அமர்ந்துகொண்டான்.

நடனத்தைப் போடும்போது எனக்கு என்னென்னவோ தோன்றும் என்று நினைத்திருந்தேன். எனக்குத் தோன்றியதெல்லாம் நிர்வாகம். பெண்கள் ஓடக்கூடாது, ஓடினால் சறுக்கும். சுற்றக்கூடாது, சுற்றினால் பாவாடை முள்ளில் மாட்டும். உடை மாற்ற நேரமில்லை. ஒரு மணிக்குச் சாப்பாடு. கல்வரிசைக்கு முன்னால் நின்றாக வேண்டும், தாண்டினால் கொல்லைக்காரர் இருக்கிறார். இதையெல்லாம் கழித்த பிறகு நடனம் என்று மிச்சம் எதுவும் இருக்கவில்லை. இருபத்துநான்கு பெண்களும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வியர்த்தது.

சரி, எல்லோரும் கீழே இறங்கி டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றேன். நேரம் வாங்குவதற்காகத்தான் சொன்னேன். அவர்கள் இறங்கினார்கள். நான் காலைப் பார்த்தேன், வேறெதைப் பார்ப்பேன். பக்கவாட்டில் திரும்பி, குதிகாலை முதலில் ஊன்றி, ஒரு கையால் பாவாடையை அள்ளிப் பிடித்து, இன்னொரு கையை முன்னால் போகிறவளின் தோளில் வைத்து இறங்கினார்கள். இரண்டு அடி வைத்ததும் ஒரு நொடி நின்று அடுத்த கல் ஆடுகிறதா என்று காலால் தட்டிப் பார்த்தார்கள். தட்டிப் பார்த்த அந்த நிறுத்தம் எல்லோரிடமும் ஒரே மாதிரி இருந்தது.

டீ டம்ளரோடு அவர்களை மறுபடி மேலே கூப்பிட்டேன். இப்போது இறங்கினீர்களே, அதையே எட்டு எண்ணி இறங்குங்கள் என்றேன். ஆறில் நிற்க வேண்டும், ஏழில் கல்லைத் தட்ட வேண்டும், எட்டில் தோளைப் பிடித்தவள் முகத்தைத் திருப்பிப் பின்னால் வருகிறவளைப் பார்க்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். டான்சர்கள் என்னை நம்பாமல் பார்த்தார்கள். இவ்வளவுதானா அக்கா என்றாள் ஒருத்தி. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, வாக்கிடாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, முன்னால் நின்று ஆடிக் காட்டினேன். ஒரு கட்டத்தில் வாக்கிடாக்கியில் யாரோ சாம்பார் வந்துவிட்டது என்று சொன்னார்கள். நான்காவது எட்டில் இருந்தேன். நிறுத்தவில்லை.

பன்னிரண்டரைக்கு எடுத்தோம். பாட்டு ஒலித்தது. இருபத்துநான்கு பேரும் சாய்ந்த வரிசையாகப் பாறையிலிருந்து இறங்கி வந்தார்கள். நின்றார்கள், தட்டினார்கள், திரும்பினார்கள். கதாநாயகி நடுவில் வந்தாள், அவளுக்கும் அதே அடிதான். கடைசி எட்டு முடியும்போது எல்லாக் கால்களும் கல்வரிசைக்கு ஒரு சாண் முன்னால் நின்றன. பன்னிரண்டு வருட வகுப்பில் ஒருநாளும் வராத ஏதோ ஒன்று முகத்தில் வந்துவிட்டது போலிருக்கிறது, கேமரா உதவியாளர் என்னைப் பார்த்து, உடம்பு சரியில்லையா மேடம் என்று கேட்டார்.

கொல்லைக்காரர் எழுந்து வந்தார். கல்வரிசையைக் குனிந்து பார்த்துத் திருப்தியானார். பிறகு என்னிடம், "இதுக்கா மெட்ராஸ்ல இருந்து வந்தீங்க? நாங்க தெனம் இப்டித்தான எறங்குறோம்" என்றார். கேலி செய்யவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினார்.

டைரக்டர் மானிட்டரிலிருந்து எழுந்து நேராக மாஸ்டரிடம் போனார். இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். இந்தப் பாட்டிலேயே இதுதான் உயிர் என்றார். மாஸ்டர் கறுப்புக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டு, எல்லாம் இடத்தைப் பார்த்ததும் தானா வந்தது சார் என்றான். இதெல்லாம் ஐந்து நாற்காலிகளுக்குப் பக்கத்திலேயே நடந்தது.

அம்மா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அந்தாளு யாரு?"

"டான்ஸ் மாஸ்டர்."

"அப்ப நீ?"

"அவர இங்க கூட்டியாந்தவ."

அம்மா யோசித்தாள். "அவுரு உக்காந்துக்கினுதான இருந்தாரு?"

"ஆமா."

"நீதான நின்னு ஆடிக் காமிச்ச?"

"ஆமா."

"பின்ன அவுரு கைய எதுக்குப் புடிச்சிக் குலுக்கறாங்க?"

சாப்பாடு ஆறிவிடும், வா என்றேன். மாஸ்டர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்ததற்கு அவளைத் திட்ட வேண்டும் என்று வைத்திருந்ததெல்லாம் அந்தக் கேள்வியில் எங்கோ போய்விட்டது. அன்று கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தை மாஸ்டர்தான் அதிகம் சாப்பிட்டான். அம்மா அவனுக்கு மட்டும் முட்டை வைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் படத்தொகுப்பு அறையில் டைரக்டர், எடிட்டர், நான் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். படம் நீளம். இடைவேளைக்கு முன்னால் எல்லாமே இழுத்தது. எடிட்டர் மெதுவாக, பாட்டில் இரண்டாவது சரணத்தை எடுத்துவிட்டால் சரியாக வரும் என்றார். டைரக்டருக்கு மனசில்லை, மாஸ்டர் உயிரைக் கொடுத்துப் போட்டிருக்கிறார் என்றார். என்னைக் கேட்டார்கள்.

ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொன்னேன். அழகாக இருந்தது. பெண்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் கதை அதற்குள் மலையை விட்டு இறங்கி ஊருக்குள் போய்விட்டது, பாட்டு இன்னும் பாறையில் நின்றுகொண்டிருந்தது. யார் போட்டது என்று தெரியாமல் பார்த்திருந்தால் ஒரு நிமிடம் கூட யோசித்திருக்க மாட்டேன். எடுத்துவிடுங்கள் என்றேன். என் முகத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது. வெளியே வந்து, எதிரே இருந்த கடையில் இரண்டு தட்டு பஜ்ஜி வாங்கி நின்றபடியே சாப்பிட்டேன். பஜ்ஜி நன்றாகவே இருந்தது.

படம் வந்தபோது அம்மா நான்கு பெண்களையும் கூட்டிக்கொண்டு வேலூர்த் தியேட்டருக்கு வந்தாள். நானும் போனேன், போகாமல் இருக்க முடியாது. பல்லவி வந்தது. முதல் சரணம் வந்தது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இடைவேளை என்று போட்டார்கள்.

"எங்கடி?" என்றாள், திரையைப் பார்த்தபடியே.

"வெட்டிட்டோம்."

"யாரு வெட்டுனது?"

"நான்தான் வெட்டச் சொன்னேன்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மெடிக்கல் ஷாப்காரம்மா அந்தப் பக்கத்திலிருந்து எட்டி, மலையில நீ போட்டது வர்லியேம்மா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"அது வெளிநாட்டுக்காரங்களுக்குப் போற படத்துல வருதாம். இங்க போட மாட்டாங்களாம்" என்றாள்.

நால்வரும் தலையாட்டினார்கள். இப்போது எங்கள் தெருவில் என் மதிப்பு முன்னைவிடக் கூடியிருப்பதாகக் கேள்வி. அம்மா மட்டும் என்னோடு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. அப்பாவிடம், அவ போட்டத அவளே வெட்டிக்கினாளாம், கேட்டீங்களா என்று சொல்லியிருக்கிறாள். அப்பா, நீளமா இருந்திருக்கும் என்றாராம்.

போன மாதம் மாஸ்டர் போன் செய்தான். படம் பார்த்தேன், நீதான் வெட்டச் சொன்னாயாமே என்று கேட்டான். ஆமாம் என்றேன். திட்டப்போகிறான் என்று காத்திருந்தேன். அவனுக்குப் புதுப் படம் ஒன்று வந்திருக்கிறது. அந்த இரண்டாவது சரணம் எங்குமே வராததால் அதை அப்படியே இதில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறான். இந்தமுறை என் பெயரையும் சொல்வதாகச் சொன்னான். என்ன இடம் என்றேன். ஸ்டூடியோ, சமதரை என்றான். சமதரையில் அதை ஆடினால் பெண்களுக்குக் காலில் முள் குத்திவிட்டது போலத்தான் தெரியும், மாற்ற வேண்டும் என்றேன். மாற்றிக் கொடேன் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஆரம்பித்தேன். சரிவு இல்லையென்றால் நிறுத்தம் எதற்கு என்பதுதான் சிக்கல். குதிகாலை விட்டுவிட்டு முன்னங்காலால் தட்டிப் பார்த்தேன். கொஞ்சம் பிடிபட்டது. பத்து மணி வாக்கில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டினார். பனியனோடு நின்றிருந்தார். என்ன மேடம், வீட்டில் ஏதாவது ரிப்பேர் வேலையா என்று கேட்டார்.

இல்லை, நடனம் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கலைந்த தலை, நைட்டி, நாற்பதைத் தொடும் வயது. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று மரியாதையாகவே கேட்டார். இரண்டு எட்டுதான் பாக்கி, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றேன். அவருக்கு எட்டு புரியவில்லை, அரை மணி புரிந்தது. சரிங்க என்று இறங்கிப் போனார். நான் கதவைச் சாத்திவிட்டுப் பதினைந்தாவது எட்டை எடுத்தேன்.